விடுதலைக்கு 49 வருடத் தவணை: ஜார் கால ரஷ்ய விவசாயியும் தொழிலாளியும்

மைக்கூடு எழுதியது:

சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்த புத்தகங்கள் எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறையக் கிடந்தன. அப்பா வாங்கி வைத்தவை. கெட்டி அட்டை, வழவழத் தாள், மூக்கில் ஏறும் ஒரு பசை வாசனை. என் ரஷ்யப் பைத்தியம் அங்கிருந்து தொற்றியதுதான்.

இப்போது திரும்பப் படிக்கும்போது ஒன்று இடிக்கிறது. 1861-ல் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் 1880களில், 1890களில் நடக்கும் கதைகளிலும் விவசாயி அதே கந்தல் கோட்டோடுதான் பண்ணையார் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான். 1905-ல் பீட்டர்ஸ்பர்க்கில் தொழிலாளிகளைச் சுடுகிறார்கள். நடுவில் 44 வருடம். விடுதலையான அந்த மனிதன் எங்கே போனான்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சி மேடைப் பேச்சு மட்டும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எங்கேயும் போகவில்லை தம்பி. தவணை கட்டிக்கொண்டிருந்தான்.

விடுதலையில் ஆளுக்குக் காசு கேட்கவில்லை, நிலத்துக்குக் கேட்டார்கள். அந்த நிலத்துக்கு விலை போட்ட விதத்தைப் பாருங்கள். சந்தை விலை இல்லை. அதுவரை அவன் பண்ணையாருக்கு ஆண்டுதோறும் கட்டி வந்த கப்பத்தை (ஒப்ரோக் என்பார்கள்) எடுத்துக்கொண்டு, 6 சதவீத வட்டிக்கு எவ்வளவு முதல் போட்டால் அந்தத் தொகை வருடா வருடம் கிடைக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள்.

கப்பம் 10 ரூபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதத்தில் 10 ரூபிள் வர, முதல் 166 ரூபிள் 67 கோபெக். அதுதான் அவன் நிலத்தின் 'விலை'. இதில் 80 சதவீதத்தை, அதாவது 133 ரூபிள் சொச்சத்தை, அரசாங்கம் கடன் பத்திரங்களாகப் பண்ணையாருக்குக் கொடுத்துவிடும். மிச்சம் 33 ரூபிளை விவசாயி நேராகப் பண்ணையாருக்குத் தர வேண்டும். அரசாங்கம் கொடுத்த 133-க்கு அவன் ஆண்டுக்கு 6 சதவீதம், அதாவது 8 ரூபிள், 49 வருடம் கட்ட வேண்டும். 49 × 8 = 392.

நேற்றுவரை பண்ணையாருக்கு 10 கட்டினான். இன்று அரசாங்கத்துக்கு 8 கட்டுகிறான், மேற்கொண்டு ஒரு 33-ம் தருகிறான். நிலமாவது முழுசாக வந்ததா? பல இடங்களில் அதுவரை அவன் உழுது வந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளுக்கே ஒரு தனிப் பெயர் வந்துவிட்டது, ஒத்ரெஸ்கி. வெட்டப்பட்டது எது? பெரும்பாலும் மாடு தண்ணீருக்குப் போகும் வழி, புல்வெளி, விறகு பொறுக்கும் காடு. அவை இல்லாமல் விவசாயம் நடக்காது. அதற்காகப் பண்ணையார் நிலத்தில் போய் இலவசமாக உழுது கொடுத்தான்.

மொத்தத் தொகை வேண்டுமா? பண்ணையடிமைகளாக இருந்தவர்களின் நிலத்துக்கு விதித்த மீட்பு விலை 867 மில்லியன் ரூபிள். 1850களின் சந்தை விலைப்படி அந்த நிலத்தின் மதிப்பு 544 மில்லியன். வித்தியாசம் எதற்கான விலை என்று நீங்களே யோசியுங்கள். ஆளுக்குக் காசு கேட்கவில்லை என்று முதலில் சொன்னேன், அதைத் திருத்திக்கொள்கிறேன்.

நெய்தல் எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணே, தலை சுற்றுகிறது. ஆனால் புரிந்தது.

எனக்கு இன்னும் அடிப்படையான ஒரு சந்தேகம். பண்ணையடிமை என்றால் அமெரிக்கத் தோட்டங்களில் இருந்த மாதிரி அடிமையா? விற்பார்களா, வாங்குவார்களா?

பனிக்கரடி எழுதியது:

சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. நடைமுறையில் அந்த வேறுபாடு மெலிந்துகொண்டே போனது.

15-ம் நூற்றாண்டில் ரஷ்ய விவசாயிக்கு வருடத்தில் ஒரு சமயம் மட்டும் பண்ணையாரை மாற்றிக்கொள்ள உரிமை இருந்தது. நவம்பர் 26, புனித யூரி நாள். அதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும். 1497 சட்டத்தில் இது எழுதப்பட்டது. அறுவடை முடிந்து, கடன் தீர்த்து, மூட்டை கட்டலாம். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் அதையும் பறித்தார்கள். 1649 சட்டத் தொகுப்பு ஓடிப்போனவனைத் தேடிப் பிடிக்கக் காலவரம்பே இல்லை என்றது. 'வந்ததடி பாட்டி, யூரி நாள்!' என்று ரஷ்யர்கள் இன்றும் சொல்வார்கள். ஆசையாகக் காத்திருந்தது கையைவிட்டுப் போகும்போது வரும் வசனம்.

அப்புறம் இரண்டு வகைச் சுமை. ஒன்று பார்ஷ்சினா: பண்ணையார் நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பது. இன்னொன்று ஒப்ரோக், மேலே அண்ணன் சொன்ன கப்பம். வாரத்துக்கு மூன்று நாள்தான் பார்ஷ்சினா என்று 1797-ல் முதலாம் பாவெல் ஓர் அறிக்கை விட்டார். யார் எண்ணிப் பார்த்தார்கள்? வெயிலடிக்கும் நாள் பண்ணையாருக்கு, மழை நாள் நமக்கு.

விற்றார்கள், ஆம். சீதனமாகக் கொடுத்தார்கள், சீட்டாட்டத்தில் வைத்துத் தோற்றார்கள். தார்யா சால்திகோவா என்ற பண்ணையாரம்மா 38 பேரைக் கொன்றது நிரூபணமாகி 1768-ல் தண்டனை பெற்றாள். அவளைப் பற்றிப் புகார் கொடுக்கப் போனவர்களைத்தான் அதற்கு முன் பல தடவை பிடித்து அவளிடமே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு திருத்தமும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா ரஷ்ய விவசாயியும் பண்ணையடிமை இல்லை. 1850களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 'அரசு விவசாயிகள்'. அவர்களுக்குப் பண்ணையார் கிடையாது, நேராக அரசுக்கு வரி. வடக்கே வெள்ளைக் கடல் பக்கம், சைபீரியாவில், பண்ணையடிமை முறை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கதைகளை மட்டும் படித்தால் இது தெரியாது, எழுதியவர்களில் பலர் பண்ணை வீட்டுப் பிள்ளைகள்.

மைக்கூடு எழுதியது:

யூரி நாள் வசனத்தை எங்கோ படித்துப் புரியாமல் தாண்டியிருக்கிறேன். நன்றி.

சரி, 1861-ல் சட்டம் வந்தபோது கிராமத்தில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கொண்டாடினார்களா?

பனிக்கரடி எழுதியது:

கொண்டாடவில்லை. நம்பவில்லை. 'இது உண்மையான விடுதலை இல்லை, ஜார் கொடுத்ததைப் பண்ணையார்களும் அதிகாரிகளும் ஒளித்துவிட்டார்கள்' என்ற பேச்சு பரவியது.

கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்றொரு கிராமம். அங்கே கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அன்தோன் பெத்ரோவ். சட்டப் புத்தகமோ நூற்றுக்கணக்கான பக்கம், அதிகாரிகளுக்கே புரியாத நடை. அதில் இருந்த எண்களையும் குறிகளையும் தன் போக்கில் வாசித்து, முழு விடுதலை இதோ இங்கே இருக்கிறது என்று அறிவித்தார். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் திரண்டு அவர் வீட்டைச் சுற்றி நின்றார்கள். 1861 ஏப்ரலில் படை வந்தது, சுட்டது. ஐம்பதுக்கு மேல் செத்தார்கள். பெத்ரோவ் அந்தச் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்து சரணடைந்தார். ஒரு வாரத்தில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

ஒரு மனிதன் தப்பாக வாசித்ததற்கு இவ்வளவு விலை. ஆனால் அவர் வாசித்தது ரொம்பத் தப்பா என்று கணக்குப்பிள்ளை அண்ணனின் பதிவைப் படித்த பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது.

வடதுருவம் எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஒரு பக்கமாகவே சாய்கிறது. கொஞ்சம் எதிர்த்துப் பேச அனுமதி கொடுங்கள்.

பரீஸ் மிரோனோவ் என்ற ரஷ்ய வரலாற்றாசிரியர் படைக்கு எடுத்த இளைஞர்களின் உயர அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார். 1861-க்குப் பிறகு சராசரி உயரம் கூடியிருக்கிறது. பட்டினியில் வளரும் பிள்ளை உயராது. தலைவரி 1880களில் ஒழிந்தது. 1897-ல் வேலை நேரத்துக்கு 11½ மணி உச்சவரம்பு வந்தது. 1903-ல் விபத்து இழப்பீடு, 1912-ல் நோய்க் காப்பீடு. இதெல்லாம் ஜார் ஆட்சியில்தான். புரட்சிக்குப் பிறகு வந்தவர்களுக்கு முந்தைய காலத்தைக் கறுப்பாகத் தீட்டக் காரணம் இருந்தது. மைக்கூடு வீட்டு மரப்பெட்டியும் அந்தச் சாயம் பூசியதுதானே?

மைக்கூடு எழுதியது:

மரப்பெட்டியைத் தொடாதீர்கள் :) ஆனால் வாதம் நியாயம்தான். யாராவது பதில் சொல்லுங்கள்.

செவிலி எழுதியது:

உயரக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் படைக்கு நின்று உயரம் அளக்கப்பட்டவர்கள் 21 வயதுவரை பிழைத்தவர்கள். எனக்குத் தெரிந்த துறை அதற்கு முந்தையது.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய ரஷ்யாவில் பிறந்த குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளைவிட இது மிக மோசம். சாவு அதிகம் விழுந்தது குளிர்காலத்தில் என்றுதானே நினைப்போம்? இல்லை, கோடையில். ஜூலை, ஆகஸ்ட். காரணம் வேலை. அறுப்புக் காலத்தில் பிள்ளை பெற்றவள் மூன்றாம் நாளே வயலுக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை வீட்டில் கிழவியிடமோ, ஏழு வயது அக்காவிடமோ. பசித்து அழுதால் கறுப்பு ரொட்டியை மென்று கந்தல் துணியில் முடிந்து வாயில் வைப்பார்கள். சோஸ்கா என்று பெயர். அந்தத் துணி வெயிலில் புளித்து, ஈ மொய்த்து, வயிற்றுப்போக்கில் குழந்தை போய்விடும்.

'ஏழ்மைதான் காரணம்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கவும் முடியாது. அதே வோல்கா மாகாணங்களில், அதே வறுமையில் வாழ்ந்த தாத்தார் முஸ்லிம் குடும்பங்களில் குழந்தைச் சாவு கணிசமாகக் குறைவு. அவர்கள் நெடுநாள் தாய்ப்பால் கொடுத்தார்கள், சோஸ்கா வழக்கம் இல்லை. அன்றைய மருத்துவர்களே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இஸ்பா என்பது மரக்கட்டைகளை அடுக்கிய ஒற்றை அறை. நாலில் ஒரு பங்கு இடத்தை அடுப்பே பிடித்துக்கொள்ளும். அடுப்பின் மேல்தான் கிழவர்களும் குழந்தைகளும் படுப்பது. ஏழை வீடுகளில் புகைபோக்கி கிடையாது, புகை அறைக்குள்ளேயே சுற்றிக் கதவு வழியாகப் போகும். பனிக்காலத்தில் கன்றுக்குட்டியும் உள்ளே. கண்நோய் ஏன் அவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

செவிலி அம்மா சொன்னதற்கு மேல் நான் வடதுருவத்துக்கு ஒரே ஒரு வருடத்தை மட்டும் காட்டுகிறேன். 1891.

வரியும் தவணையும் இலையுதிர் காலத்தில் வசூலாகும், அதாவது எல்லோரும் ஒரே சமயத்தில் தானியம் விற்கும் காலத்தில். விலை விழுந்து கிடக்கும். விற்றுக் கட்டுவான். வசந்தத்தில் குதிர் காலியாகும்போது அதே தானியத்தை அதிக விலைக்குக் கடன் வாங்குவான். நல்ல வருடத்திலேயே இதுதான் கதை. நிதியமைச்சர் விஷ்னெக்ராத்ஸ்கி தங்கம் சேர்க்க ஏற்றுமதியை முடுக்கினார். 'அரை வயிறு கிடந்தாலும் ஏற்றுமதி செய்வோம்' என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் பரவியது. அரை வயிறு யாருடையது என்பதுதான் அதில் விட்டுப்போனது.

1891-ல் வோல்காப் பகுதியிலும் மத்தியக் கருமண் மாகாணங்களிலும் விளைச்சல் பொய்த்தது. ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். ஆனால் அறிவித்த நாளுக்கும் அமலுக்கு வந்த நாளுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் விட்டார்கள். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அந்த இடைவெளியில் கையில் இருந்ததையெல்லாம் எல்லை தாண்ட வைத்தார்கள். பத்திரிகைகள் 'பஞ்சம்' என்ற சொல்லைப் போடக் கூடாது, 'விளைச்சல் குறைவு' என்றுதான் எழுத வேண்டும். கிராமத்தில் லெபெதா என்ற களைச்செடியின் விதையை மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். பஞ்சமும் பின்னால் வந்த காலராவும் சேர்ந்து சுமார் 4 லட்சம் பேரைக் கொண்டுபோயின. எழுத்தாளர் தல்ஸ்தோய் ரியசான் மாகாணத்தில் கஞ்சித்தொட்டிகள் திறந்தது இந்தப் பஞ்சத்தில்தான்.

உயரம் கூடியிருக்கலாம் தம்பி. ஆனால் ஒரு விளைச்சல் தவறினால் விழுந்துவிடுகிற உயரம்.

வடதுருவம் எழுதியது:

ஏற்றுமதித் தடைக்கு இடைவெளி விட்டது எனக்குத் தெரியாது. பின்வாங்குகிறேன், பாதிதான். அரசு அந்தக் குளிர்காலத்தில் பல மில்லியன் பேருக்குத் தானியக் கடனும் கொடுத்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குறித்தாகிவிட்டது. கடன்தான், அதையும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

தறிக்காரன் எழுதியது:

நிலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆலைக்கு வாங்க. நான் இருபது வருடம் நூற்பாலையில் இருந்தவன், அபராதச் சீட்டு என்றால் என்னவென்று தெரியும். அதனால் மொரோசோவ் ஆலைக் கதையைப் படித்தபோது கை நடுங்கியது.

மாஸ்கோவுக்குக் கிழக்கே ஒரேகவோ-சூயெவோ. திமஃபேய் மொரோசோவின் நிகோல்ஸ்கயா பருத்தி ஆலை, சுமார் 8,000 பேர். 1882-க்கும் 1884-க்கும் நடுவே கூலியை ஐந்து தடவை குறைத்தார்கள். அதற்கு மேல் அபராதம். துணியில் குறை என்றால் அபராதம், தாமதம் என்றால் அபராதம். நெசவாளிகளுக்குக் கூலியில் கால் பங்கு போகும், சிலருக்குப் பாதியே போகும். இதில் சூட்சுமம் என்ன தெரியுமா? துணியில் குறை இருக்கிறதா என்று தீர்மானிப்பவன் முதலாளியின் ஆள், அபராதப் பணம் சேர்வதும் முதலாளியின் பையில். நூல் மட்டமாக இருந்தால் இழை அறும், இழை அறுந்தால் துணி கெடும், துணி கெட்டால் நெசவாளி கட்டுவான். மட்டமான நூல் வாங்கினால் முதலாளிக்கு இரண்டு பக்கமும் லாபம்.

1885 ஜனவரி 7, பண்டிகை நாள். அன்றைக்கு வேலை உண்டு என்று அறிவித்தார்கள். மொய்செயென்கோ, வோல்கோவ் என்ற இரண்டு நெசவாளிகள் முன்னே நிற்க, ஆலை நின்றது. படை வந்தது, நூற்றுக்கணக்கானவர்களை ஊருக்குத் துரத்தினார்கள். அடுத்த வருடம் விளாதிமிர் நகரில் வழக்கு. ஜூரிகள் முன் வைத்த கேள்விகள் 101. நூற்றொன்றுக்கும் பதில் 'குற்றமில்லை'. ஒரு பழமைவாதப் பத்திரிகை ஆசிரியர் வயிறெரிந்து, ரஷ்யாவில் தொழிலாளர் பிரச்சினை பிறந்ததற்கு 101 குண்டு மரியாதை போட்டார்கள் என்று எழுதினார்.

1886 ஜூனில் சட்டம் வந்தது. அபராதம் கூலியில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கே போக வேண்டும், கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும். வடதுருவம் ஐயா சட்டங்களை அடுக்கினீர்களே, அவற்றில் எது தானாக வந்தது? 1897 சட்டத்துக்கு முந்தின வருடம் பீட்டர்ஸ்பர்க் பஞ்சாலைகளில் 30,000 பேர் நின்றார்கள். எதில் தொடங்கியது? இரண்டாம் நிகலாய் முடிசூடிய நாட்களுக்கு ஆலையை மூடிவிட்டு அந்த நாள் கூலியைத் தர மறுத்ததில்.

நெய்தல் எழுதியது:

இவர்கள் எங்கே தங்கினார்கள்? ஊரிலிருந்து வந்து போவார்களா?

தறிக்காரன் எழுதியது:

ஆலைக் கொட்டடியில். நீளமான கட்டடம், பலகைப் படுக்கைகள். பகல் ஷிப்ட் எழுந்து போக, இரவு ஷிப்ட் வந்து அதே சூட்டில் படுக்கும். குடும்பக்காரர்களுக்குச் சின்ன அறை, ஓர் அறையில் இரண்டு மூன்று குடும்பம், நடுவில் சீலைத் திரை. பீட்டர்ஸ்பர்க்கில் அறைகூட இல்லை, 'மூலை' வாடகைக்கு. பாய் முடையும் பட்டறைகளில் இன்னும் மோசம். மாஸ்கோவின் முதல் தொழிற்சாலை ஆய்வாளர் இவான் யன்ஷூல் போனபோது அங்கே ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வேலை ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகளும் சேர்த்து. தூக்கமும் அதே ஈர மரப்பட்டைக் குவியல்களுக்கு நடுவேதான்.

பனிக்கரடி எழுதியது:

இதையெல்லாம் இணைக்கிற ஒரு சாமான் இருக்கிறது: பாஸ்போர்ட். வெளிநாடு போக இல்லை, பக்கத்து மாவட்டம் போக.

1861-க்குப் பிறகு நிலம் தனியாளுக்குக் கொடுக்கப்படவில்லை, பெரும்பாலும் மீர் என்ற ஊர்ப் பொதுச்சபைக்கு. தவணைக்கும் வரிக்கும் ஊரே கூட்டுப் பொறுப்பு. நீ கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கட்ட வேண்டும். அப்புறம் அவன் உன்னை ஊரைவிட்டு விடுவானா? வெளியே வேலைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர் சம்மதிக்க வேண்டும், பாக்கி இல்லை என்று ஊர் சொல்ல வேண்டும், அப்போதுதான் குறிப்பிட்ட காலத்துக்குச் சீட்டு. ஆலையில் சேர்ந்ததும் அந்தச் சீட்டு அலுவலகப் பெட்டிக்குள் போய்விடும். காலம் முடிந்தால் புதுப்பிக்க ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நகரத்தில் அவன் ஆவணமில்லாத ஆள், போலீஸ் கட்டி ஊருக்கு அனுப்பும். ஊர் நீதிமன்றத்துக்குப் பிரம்படி கொடுக்கும் அதிகாரம் 1904 வரை இருந்தது. கூட்டுப் பொறுப்பு பெரும்பாலான மாகாணங்களில் 1903-ல்தான் போனது.

பத்து வருடம் தறி ஓட்டினாலும் ஆவணத்தில் அவன் 'விவசாயி'. 1910-ல் பீட்டர்ஸ்பர்க் மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆவணப்படி விவசாயிகளே.

மைக்கூடு எழுதியது:

அப்படியானால் 1905 ஜனவரி 9-ல் ஜாரிடம் மனு கொடுக்க நடந்தவர்கள்...

பனிக்கரடி எழுதியது:

அதேதான். பூத்திலோவ் ஆலையில் நான்கு பேரை வேலையிலிருந்து எடுத்ததில் தொடங்கிய வேலைநிறுத்தம், காப்பன் பாதிரியார் முன்னே நடக்க, திருவுருவப் படங்களையும் ஜார் படத்தையும் ஏந்திக்கொண்டு குளிர்கால அரண்மனையை நோக்கிப் போனது. அரசாங்கக் கணக்கிலேயே 130 பேர் அளவுக்குச் செத்தார்கள், மற்ற கணக்குகள் அதைவிட அதிகம் சொல்கின்றன. எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அந்த மனுவில் இன்னொரு கோரிக்கையும் உண்டு: நிலத்துக்கான மீட்புத் தவணையை ரத்து செய்ய வேண்டும். இரும்பாலைத் தொழிலாளி கேட்கிறான்!

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேட்டது கிடைத்தது. அந்த வருடம் முழுக்கக் கிராமங்களில் பண்ணை வீடுகள் எரிந்த பிறகு. 1905 நவம்பரில் அறிக்கை: 1906-ல் பாதித் தவணை, 1907 ஜனவரி 1 முதல் முழு ரத்து.

இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். 1863-ல் தவணை தொடங்கிய ஊருக்கு 49 வருடம் முடிவது 1912-ல். இழுத்தடித்துக்கொண்டிருந்த பண்ணைகளை 1883-ல் கட்டாயமாக மீட்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த விவசாயிகளுக்கு 1932.

தறிக்காரன் எழுதியது:

1912 என்றதும் லேனா தங்கச் சுரங்கம் நினைவுக்கு வருகிறது. சைபீரியாவில் ரயில் எட்டாத இடம். கூலியில் ஒரு பகுதி கம்பெனிக் கடைச் சீட்டாக. அந்தக் கடையில் கொடுத்த அழுகல் இறைச்சியில் தொடங்கியது வேலைநிறுத்தம். ஏப்ரல் 4 அன்று சுட்டார்கள். செத்தவர்கள் 150 என்பார்கள் சிலர், 270 என்பார்கள் பலர். டூமாவில் (ரஷ்ய நாடாளுமன்றம்) கேட்டதற்கு உள்துறை அமைச்சர் மக்காரோவ் சொன்ன பதில்: 'அப்படித்தான் இருந்தது, இனியும் அப்படித்தான் இருக்கும்.' கூலியைப் பணமாகத்தான் தர வேண்டும் என்ற 1886 சட்டம் எங்கே போனதென்று கேட்கத் தோன்றுகிறது.

நெய்தல் எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. ஜனவரி 9 என்று இங்கே எழுதியிருக்கிறீர்கள், நான் படித்த இடத்தில் ஜனவரி 22 என்று இருந்தது. எது சரி?

பனிக்கரடி எழுதியது:

இரண்டும் சரி. 1918 பிப்ரவரி வரை ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 20-ம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கி. 19-ம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த இழையில் நாங்கள் போட்டதெல்லாம் பழைய கணக்கு.

மைக்கூடு எழுதியது:

பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கதையில் ஆலைக்காரன் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, 'சீட்டு வந்ததா, சீட்டு வந்ததா' என்று தபால்காரரை நச்சரிப்பான். லாட்டரிச் சீட்டு என்று நினைத்து முப்பது வருடம் படித்திருக்கிறேன்.